மொனாஸ்திராக்கி பள்ளிவாசலுக்குள் முதல்முறை போகிறவர்களுக்கு

ஏதென்ஸுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் முதல் நாளோ இரண்டாம் நாளோ மொனாஸ்திராக்கி சதுக்கத்தில் வந்து நிற்பார். மெட்ரோவை விட்டு மேலே ஏறியதும் எதிரே ஒரு குவிமாடம், அதற்குப் பின்னால் குன்றின்மேல் அக்ரோபோலிஸ். இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ, அப்புறம் பழைய சாமான் விற்கிற தெரு, அப்புறம் சாப்பாடு. அந்தக் குவிமாடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படி ஏறிப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் பயணத்தில் நானும் பார்க்காமல் போய்விட்டேன், அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அது ஜிஸ்தராகிஸ் பள்ளிவாசல். ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் 1759இல் கட்டியது. 1918இல் கிரேக்க அரசு நாட்டுப்புறக் கலைக்கு என்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கியபோது அதற்குக் கிடைத்த முதல் வீடு இந்தக் கட்டடம்தான். சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எங்கே நிற்பது என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். உள்ளே வைத்திருக்கும் பொருட்களுக்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் மிகப் பெரிய காட்சிப்பொருள் அதுதான்.

1. கிளம்பும் முன் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

இந்த அருங்காட்சியகத்துக்கு நூறு வருடத்தில் நாலு பெயர். 1918இல் கிரேக்கக் கைவினைப் பொருட்களின் அருங்காட்சியகம், 1923இல் அலங்காரக் கலைகளின் தேசிய அருங்காட்சியகம், 1959இல் கிரேக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம், இப்போது நவீன கிரேக்கப் பண்பாட்டு அருங்காட்சியகம். 'நவீன' என்றதும் நவீன ஓவியம், சிற்பம் என்று நினைத்துவிட வேண்டாம். பழங்கால கிரேக்கம் இல்லை, சமீப நூற்றாண்டுகளின் கிரேக்க மக்கள் வாழ்க்கை என்பதுதான் பொருள். உடை, நெசவு, பானை, வெள்ளி நகை, உழவுக் கருவி எல்லாம் இதில் அடக்கம்.

பெயரைப் போலவே முகவரியும் மாறியிருக்கிறது. 1973இல் தொகுப்பின் பெரும்பகுதி பிளாக்கா பகுதியில் உள்ள கிதாதினெயோன் தெருவுக்குப் போனது. பள்ளிவாசல் மட்பாண்டங்களுக்கு என்று ஆனது. இப்போது அருங்காட்சியகத்தின் மையம் பள்ளிவாசலுக்கு மிக அருகில், ஆரெயோஸ், அத்ரியானு தெருக்களை ஒட்டி, பழுதுபார்த்த 18 பழைய கட்டடங்களின் தொகுதி. பழைய பயணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிதாதினெயோன் தெருவில் வீணாக அலைய வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். பள்ளிவாசலுக்குள் எப்போதும் ஒரே காட்சி இருக்காது. தற்காலிகக் கண்காட்சிகள் வரும், போகும், நடுவில் மூடியும் கிடக்கும். அதனால் போகிற வாரத்தில் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைத் திறந்து, பள்ளிவாசல் என்கிற கட்டடம் தனியாகத் திறந்திருக்கிறதா, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கிறது என்றால் எல்லாக் கட்டடமும் திறந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மூடியிருந்தாலும் கவலைப்படாதீர்கள், அடுத்த பகுதியில் சொல்கிறவை எல்லாம் வெளியிலிருந்தே பார்க்கக் கூடியவை.

2. போய்ச் சேர்வது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மெட்ரோவின் 1ஆம், 3ஆம் வழித்தடங்கள் மொனாஸ்திராக்கியில் சந்திக்கின்றன. விமான நிலையத்திலிருந்து 3ஆம் தடத்தில் ஏறினால் மாறாமல் நேராக வந்து இறங்கலாம். ஸ்டேஷனுக்குள்ளேயே பழைய எரிதானோஸ் ஆறு மூடிய கால்வாயாக ஓடுவதைக் காட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கூட்டத்தில் பர்ஸ், போன் பத்திரம், ஜேப்படிக்குப் பேர்போன ஸ்டேஷன் அது. ஜூலை, ஆகஸ்ட் என்றால் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் நம் ஊர்க் கத்திரிக்குச் சளைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும், நெரிசல் பிடிக்காதவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

3. உள்ளே போகாமல் முதலில் சதுக்கத்தில் நில்லுங்கள்

சதுக்கத்தில் மெட்ரோ வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேவாலயம், பந்தானாஸா. ஒரு காலத்தில் மடமாக இருந்தது. அதனால்தான் இந்த இடத்துக்கு மொனாஸ்திராக்கி, அதாவது குட்டி மடம், என்று பெயர். அந்தத் தேவாலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எதிரே பள்ளிவாசல். அதற்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு, உயரமான தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய சுவர் தெரியும். அது ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 132இல் கட்டிய நூலகத்தின் முகப்பு. ரோமர், பைசாந்தியக் கிறிஸ்தவர், துருக்கியர் மூன்று பேரும் கட்டியதை நின்ற இடத்தில் தலையைத் திருப்பினாலே பார்த்துவிடலாம்.

இப்போது பள்ளிவாசலை மட்டும் பாருங்கள். கட்டடம் தரையில் நேரடியாக உட்காரவில்லை. கீழே ஒரு தளம், அதில் கடைகள், அதற்கு மேல்தான் தொழுகைக் கூடம். சந்தைக்கு நடுவில் கட்டிய பள்ளிவாசல் இது. கீழ்ச் சந்தைப் பள்ளிவாசல் என்றே அந்தக் காலத்தில் ஒரு பெயர் உண்டு, பக்கத்தில் ஒரு நீரூற்று இருந்ததால் கீழ் நீரூற்றுப் பள்ளிவாசல் என்றும் சொன்னார்கள். மாடிக்கு ஏறினால் முன்மண்டபம், மூன்று வளைவு, மேலே மூன்று சின்னக் குவிமாடம், அதற்குப் பின்னால் பெரிய குவிமாடம். பள்ளிவாசல் என்றதும் நம் கண் தேடுவது மினாராவை. தேடாதீர்கள், இல்லை. கிரேக்க நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 19ஆம் நூற்றாண்டில் அது போய்விட்டது. பல பேர் இதைப் பள்ளிவாசல் என்றே கவனிக்காமல் கடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

4. சுவரைத் தொடும் முன் சுண்ணாம்புக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டியவர் முஸ்தபா ஆகா ஜிஸ்தராகிஸ், அன்றைக்கு ஏதென்ஸை நிர்வகித்த ஒட்டோமான் அதிகாரி. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. பளிங்குக் கல்லைக் காளவாயில் போட்டுச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் சுட்டு நீற்றிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏதென்ஸில் பளிங்குக்குப் பஞ்சமா? ஊரைச் சுற்றிப் பழைய கோயில்கள். ஜிஸ்தராகிஸ் பார்த்தார், ஒலிம்பிய ஜீயஸ் கோயிலில் நின்ற ராட்சதத் தூண்களில் ஒன்றை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார், அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி இந்தச் சுவரில் பூசிவிட்டார். தூண் ஹேட்ரியன் நூலகத்தைச் சேர்ந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் பரவலாகச் சொல்லப்படுவது ஜீயஸ் கோயில் கதைதான்.

இதில் என்னை உலுக்கியது அடுத்து நடந்தது. ஊர் மக்கள் கொதித்துவிட்டார்கள். அந்தத் தூண்களை அசைத்தால் கொள்ளைநோய் வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பழஞ்சின்னத்தை இடித்ததை ஒட்டோமான் அரசும் சும்மா விடவில்லை. அவருக்கு அபராதம் விழுந்தது, பதவியும் போனது. அந்தக் காலத்து ஏதென்ஸ்வாசிகளுக்குப் பழங்காலச் சின்னங்களைப் பற்றி அக்கறையே இருந்ததில்லை என்று சில பயணக் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். இந்த ஒரு கதையே அதற்குப் பதில்.

அதனால் படி ஏறும்போது அந்தச் சாந்துப் பூச்சைச் சும்மா கடந்துவிடாதீர்கள்.

5. வாசல்

ஆரெயோஸ் தெருப் பக்கமாகப் படிக்கட்டு. கொஞ்சம் செங்குத்து, மழை பெய்திருந்தால் வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்து ஏறுங்கள். முன்மண்டபத்தில் ஏறியதும் உள்ளே ஓடாமல் திரும்பி ஒருமுறை சதுக்கத்தைப் பாருங்கள், சந்தைக்கு மேலே நிற்கிற உணர்வு அங்கேதான் கிடைக்கும். வாசலுக்கு மேலே கல்வெட்டு இருக்கிறது, கட்டியவர் பெயரும் ஆண்டும் அதில் உண்டு.

செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், இது அருங்காட்சியகம். தலையை மூட வேண்டும் என்பதும் இல்லை. தொழுகை நடப்பதில்லை. 1966இல் மட்டும், பதவி இழந்து ஏதென்ஸில் தங்கியிருந்த சவூதி அரசர் சவூத் தொழுவதற்காகத் தற்காலிகமாகச் சீர்செய்து கொடுத்தார்கள். தொழ இடம் தேடுகிறவர்கள் இங்கே வந்து ஏமாற வேண்டாம். ஏதென்ஸின் அரசுப் பள்ளிவாசல் வோதானிகோஸ் பகுதியில் 2020 நவம்பரில்தான் திறந்தது. அதற்கு முன்பு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அந்தத் தலைநகரில் அதிகாரபூர்வமான பள்ளிவாசலே கிடையாது, தனியார் கூடங்களிலும் நிலவறைகளிலும்தான் தொழுதார்கள். இதையும் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. அழகான கட்டடம், அருமையான அருங்காட்சியகம் என்பது ஒரு பக்கம், ஒரு சமூகத்தின் வழிபாட்டு இடம் கைமாறியது என்பது இன்னொரு பக்கம். விதி இல்லாவிட்டாலும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசினால் நன்றாக இருக்கும்.

6. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள்

கூடம் சதுரம், கூரை வட்டம். சதுரச் சுவரின்மேல் வட்டக் குவிமாடம் எப்படி உட்காரும்? மூலைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு வளைவு குறுக்கே எழும்பி, சதுரத்தை முதலில் எண்கோணமாக்கி, அந்த எண்கோணம் குவிமாடத்தைத் தாங்குகிறது. கூடத்தின் நடுவில் நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால் சதுரம் எட்டாகி வட்டமாவது கண்ணுக்குப் பிடிபடும். எனக்கு மூன்றாவது சுற்றில்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிவாசலுக்குப் போனாலும் மூலையைப் பார்க்காமல் வருவதில்லை.

அடுத்து மிஹ்ராபைத் தேடுங்கள், மக்காவின் திசையைக் காட்டும் மாடம். ஏதென்ஸிலிருந்து அது தென்கிழக்கு. வண்ணம் தீட்டிய அழகான மாடம். கண்காட்சிப் பலகைகளுக்கு நடுவில் கண்ணில் படாமல் போகலாம், விசாரித்தாவது பார்த்துவிடுங்கள். இந்தக் கூடத்தில் தொழுதவர்கள் போன பிறகு என்னென்னவோ நடந்திருக்கிறது. 1821இல் தொடங்கிய சுதந்திரப் போர்க் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் சபையாக இருந்தது. 1834இல் புது அரசர் ஒத்தோவுக்காக இங்கே நடன விருந்து வைத்தார்கள். படைவீடு, சிறை, கிடங்கு எல்லாமாகவும் இருந்தது. 1915இல் சீரமைத்தார்கள், பொறுப்பேற்றவர் அனஸ்தாஸியோஸ் ஒர்லாந்தோஸ், கிரேக்கத்தின் பழங்கட்டடங்களைக் காப்பாற்றியவர்களில் பெரிய பெயர். மூன்று வருடம் கழித்து அருங்காட்சியகம் வந்தது. 1981 நிலநடுக்கத்தில் அடிபட்டு, 1991இல்தான் மறுபடியும் திறந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த மாடம் தப்பித்து நிற்கிறது.

7. பானைகளை எப்படிப் பார்ப்பது

இந்தக் கட்டடத்தோடு நீண்டகாலம் சேர்த்துப் பேசப்பட்டது மட்பாண்டத் தொகுப்புதான். வசிலியோஸ் கிரியாஸோபுலோஸ் என்ற பேராசிரியர் கொடுத்தது. அவர் வானிலை ஆய்வாளர், ஆனால் மனசெல்லாம் மண்பாண்டத்தில். 1975 முதல் இங்கே காட்சிக்கு வைத்தார்கள். நீங்கள் போகும்போது இங்கேயோ மற்றக் கட்டடங்களிலோ கிரேக்க மண்பாண்டம் கண்ணில் பட்டால் இந்த வரிசையில் பார்த்துப் பழகுங்கள்.

முதலில் ஓவியத்தைப் பார்க்காதீர்கள். அடியைப் பாருங்கள். மெருகு, அதாவது சுட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு, பூசிய கலமாக இருந்தால் அடிப்பக்கத்தில் மெருகு படாத மண் கொஞ்சம் தெரியும், மண்ணின் உண்மையான நிறம் அதுதான், செம்மண்ணா வெளிர்மண்ணா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் உடல். சக்கரத்தில் வனையும்போது குயவர் விரல் பட்ட வளையங்கள் மெலிதாகச் சுற்றிக்கொண்டு போகும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடமாக நின்றால் நன்றாகத் தெரியும். அப்புறம் கைப்பிடி. அது தனியாகச் செய்து ஒட்டியது. ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்திய குழி பல ஜாடிகளில் அப்படியே இருக்கும். பெயர் தெரியாத ஒரு குயவரின் கட்டைவிரல் அளவு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, இதைவிட நெருக்கமாக ஒரு மனிதரை எந்த அருங்காட்சியகத்தில் பார்க்க முடியும்? கடைசியில்தான் பூவும் மீனும் கப்பலும்.

ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஸிஃப்னோஸ் தீவு சமையல் சட்டிகளுக்குப் பேர்போனது, நெருப்பில் வைத்தால் தாங்கும் மண். ஏகினா தீவின் ஜாடிகள் மெருகு பூசாதவை. தண்ணீர் மெல்லக் கசிந்து ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும், நம் மண்பானைத் தண்ணீர் அதேதான். கிரீட் தீவின் த்ராப்ஸானோ கிராமத்தில் ஆள் உள்ளே நிற்கிற அளவுக்குத் தாழி செய்வார்கள், எண்ணெய்க்கும் தானியத்துக்கும். தாழி என்ற சொல்லை நாம் முதுமக்கள் தாழியோடு நிறுத்திவிட்டோம், அங்கே அது வீட்டுச் சாமான்.

அப்புறம் 1922. துருக்கியில் கிரேக்கப் படை தோற்று, அதற்கடுத்த ஆண்டு மக்கள்தொகைப் பரிமாற்றம் என்று இரு நாடும் ஒப்பந்தம் போட்டன. ஏறக்குறைய 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அங்கிருந்து கிரேக்கத்துக்கும், மூன்றரை லட்சத்துக்கு மேல் முஸ்லிம்கள் இங்கிருந்து துருக்கிக்கும் போனார்கள். போனவர்கள் கையில் தொழில் மட்டும்தான் இருந்தது. துருக்கியின் குத்தாஹியா ஓட்டுக்கும் மெருகுப் பாண்டத்துக்கும் பெரிய ஊர். அங்கிருந்து வந்த மினாஸ் அவ்ராமிதிஸ் தெஸ்ஸலோனிகியில் குடியேறி அந்த நீலத்தையும் பூவேலையையும் கிரேக்க மண்ணில் சுட்டெடுத்தார். கிரியாஸோபுலோஸ் தொகுப்பில் அவருடைய வேலைக்கு முக்கிய இடம். ஒட்டோமான் பள்ளிவாசலுக்குள், ஒட்டோமான் ஊரிலிருந்து அகதியாக வந்த கிறிஸ்தவக் குயவரின் தட்டு. 'கிரேக்க நாட்டுப்புறக் கலை' என்ற பலகையைப் படித்துவிட்டு இது எந்த நாட்டுடையது என்று குழம்பினால் நீங்கள் சரியாகத்தான் பார்க்கிறீர்கள்.

போட்டோ எடுக்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், பிளாஷ் போடாதீர்கள்.

8. அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்

ஆரெயோஸ் தெருவிலேயே இருக்கும் வீடுகளின் தொகுதிக்குள் போங்கள், உடைகள், நெசவு, வீட்டுச் சாமான்கள் அங்கே. முற்றங்களுக்கு நடுவில் அகியோஸ் எலிஸ்ஸெயோஸ் என்ற சின்னக் கோயில். கிரேக்கத்தின் பெரிய கதாசிரியர் பாபதியாமந்திஸ் இங்கே பாடகராகத் திருப்பாட்டு பாடியிருக்கிறார். பழைய கோயில் 1940களில் இடிந்தது, இப்போது நிற்பது மறுபடியும் கட்டியது.

அங்கிருந்து பிளாக்காவுக்குள் நடந்தால் கிரிஸ்து தெருவில் காற்றுகளின் குளியல்கூடம், அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஒட்டோமான் காலத்துப் பொதுக் குளியல்கூடங்களில் ஏதென்ஸில் மிஞ்சியது இது ஒன்றுதான், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊர்க்காரர்கள் குளித்திருக்கிறார்கள். குவிமாடத்தில் போட்ட வட்டத் துளைகள் வழியாக வெளிச்சம் கீழே விழுவதைப் பார்ப்பதற்கே போகலாம். பக்கத்தில் ரோமர் காலத்துச் சந்தையின் இடிபாடுகளுக்குள் ஃபெதியே பள்ளிவாசல், 17ஆம் நூற்றாண்டு, அகழாய்வுப் பொருட்களின் கிடங்காக நெடுங்காலம் பூட்டிக் கிடந்து இப்போது சீரமைத்து வைத்திருக்கிறார்கள். ஜிஸ்தராகிஸ் கூடத்தைப் பார்த்த கண்ணோடு போனால் இரண்டையும் ஒப்பிடலாம்.

கால் ஒத்துழைத்தால் கடைசியாக ஒலிம்பிய ஜீயஸ் கோயில். மொனாஸ்திராக்கியிலிருந்து பிளாக்கா வழியாக நடந்தே போகலாம், அக்ரோபோலி மெட்ரோ ஸ்டேஷனும் பக்கம். மொத்தம் 104 தூண்கள் இருந்த கோயில், ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரம். போய் எண்ணுங்கள். 15 நிற்கின்றன. ஒன்று 1852 புயலில் சாய்ந்து, துண்டு துண்டாகச் சரிந்த வரிசை குலையாமல் தரையில் கிடக்கிறது. அந்தத் துண்டு ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள், உங்கள் தோளுக்கு வரும். ஜிஸ்தராகிஸ் தகர்த்ததாகச் சொல்லும் அந்தப் பதினேழாவது தூண் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும், அதைச் சுட்டால் எத்தனை வண்டிச் சுண்ணாம்பு கிடைத்திருக்கும் என்று அப்போது புரியும்.